ஆள் இறங்கியாச்சு

கலசப்பாக்கம்
12.5.2024

அன்புச் சகோதரி ரேணுகாதேவிக்கு,

இயேசுவின் பெயரால் வணக்கம். நான் மரிய அருண். மலையடி சப்ஸ்டேஷனில் ஆபரேட்டர். உங்கள் வீட்டுக்காரர் வேடியப்பன் மலை லைனில் வேலை பார்த்த பதினோரு வருஷத்தில் ஏழு வருஷம் அவருக்குக் கரண்டை நிறுத்திக் கொடுத்ததும், வேலை முடிந்தபின் போட்டதும் நான்தான். உங்களை ஒரே ஒரு தடவை பார்த்திருக்கிறேன். ஆயுத பூஜைக்குக் காவியாவைக் கூட்டிக்கொண்டு ஆபீசுக்கு வந்திருந்தீர்கள். சாமைப் பொங்கல் கொண்டுவந்தீர்கள். நான் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.

அடக்கத்துக்கு வர முடியவில்லை. காரியத்தன்று போளூர் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்தேன். ஜமுனாமரத்தூர் பஸ் நின்றுகொண்டிருந்தது. அது புறப்பட்டுப் போகும் வரை பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு வீட்டுக்குத் திரும்பிவிட்டேன். உடம்பு சரியில்லை என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

பெரிய வெள்ளிக்கிழமை மத்தியானம் புளியங்கிளை விழுந்து கம்பி அறுந்ததும், அதைக் கட்ட அவர் கம்பம் ஏறியதும், ஏறிய இடத்திலேயே ஷாக் அடித்துப் போய்ச் சேர்ந்ததும் எல்லாம் கடவுளின் சித்தம். நமக்கு அதன் அர்த்தம் இப்போது தெரியாது. எங்கள் வீட்டில் தினமும் உங்களுக்காக ஜெபமாலை சொல்கிறோம். என் மனைவி ஜூடி, கோயில் மாதர் சங்கத்தில் பேசி உங்களுக்கு ஒரு தையல் மெஷின் வாங்கித்தர ஏற்பாடு செய்திருக்கிறாள். ஆறுதலாக ஒரு வசன அட்டை உள்ளே வைத்திருக்கிறேன்.

வேடியப்பன் நல்ல மனுஷன். இதற்கு மேல் எழுத வரவில்லை.

இப்படிக்கு,
மரிய அருண்


2.6.2024

அருண் சாருக்கு,

ரேணுகாதேவி எழுதறது. கடுதாசி கெடச்சுது. என்ன சகோதரின்னு எழுத வேணாம். ரேணுகான்னு எழுதுனா போதும்.

தையல் மெஷின் வேணாம். எனக்கு தைக்கத் தெரியாது, கத்துக்கற எண்ணமும் இல்ல. அட்டைய இதோட திருப்பி வச்சிருக்கேன். காவியா அத புஸ்தகத்துல வச்சிக்கறேன்னு கேட்டா. வேணாம்னுட்டேன்.

எனக்கு அழுகை வரல சார். ஊர்ல அத பத்தி பேசிக்கறாங்க. கல்லு மாதிரி இருக்கறான்னு சொல்றாங்க. காலைல எந்திரிக்கறேன். ஆட்ட அவுத்து வுடறேன். சாமை வெதைக்க நெலத்த ஓட்டி வச்சிருக்குது, மழை இன்னும் வரல. சோறு ஆக்கி எறக்கறேன். அவரு தட்ட எடுத்து கழுவி கவுத்து வைக்கறேன். சாப்புடாத தட்ட எதுக்கு தெனமும் கழுவறேன்னு தெரியல. கை அதுவா செய்யுது.

போன வாரம் ஆபீசுலேர்ந்து ரெண்டு பேரு வந்தாங்க. 2.50க்கு வேடியப்பன் வேல முடிஞ்சுதுன்னு லைன திருப்பிக் குடுத்துட்டார்னு புக்குல எழுதியிருக்குதாம். குடுத்துட்டு அப்புறம் அவரா எதுக்கோ திரும்ப கம்பம் ஏறிட்டாராம். அதனால தப்பு அவரு மேலயாம். எனக்கு வாரிசு வேலை தர்றதுக்கு வழி இல்லையாம். ஒரு பேப்பர்ல கையெழுத்து கேட்டாங்க. போடல. கூட போன மோகன கேட்டா அவன் வாயே தொறக்க மாட்டேன்றான். காண்ட்ராக்ட் ஆளு, இன்னா பண்ணுவான்.

அவரு போன போலீஸ் திருப்பிக் குடுத்துச்சு. அதுல கடைசியா பேசனது 1.12க்கு, உங்களோட. அப்புறம் ஒரு காலும் இல்ல. அவரு ஏறுன பள்ளத்துல டவரே கெடையாது. மேட்டுப் பாறைக்கு வந்தாத்தான் பேச முடியும், உங்களுக்கே தெரியும். இத சொன்னா, புக்குதான் ஆதாரம் போன் இல்லன்றாங்க.

அந்த புக்க எழுதனது நீங்க. 2.50க்கு அவரு உங்ககிட்ட எப்படி சொன்னாரு? இத மட்டும் எழுதுங்க.

ரேணுகாதேவி


கலசப்பாக்கம்
16.6.2024

ரேணுகாவுக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் வந்து பத்து நாள் ஆகிறது. மூன்று தடவை எழுதிக் கிழித்தேன்.

எங்கள் வேலையில் ஒரு முறை உண்டு. கம்பத்தில் ஏறுகிறவர் முதலில் எனக்கு போன் செய்து லைன் கேட்பார். நான் கரண்டை நிறுத்தி, அவர் பேரையும் நேரத்தையும் புக்கில் எழுதுவேன். வேலை முடிந்ததும், கேட்டவரே திரும்பக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும். வேறு யார் சொன்னாலும் கரண்டைப் போடக்கூடாது. மந்திரி சொன்னாலும் கூடாது. வேடியப்பன் சொல்வது ஒரே மாதிரி இருக்கும். "ஆள் இறங்கியாச்சு சார், கம்பி உங்களுது." ஏழு வருஷத்தில் ஒரு எழுத்து மாறினதில்லை.

அன்றைக்கு ஆபீஸ் போன் ஓயாமல் அடித்தது. லீவு நாள், நான் ஒருவன்தான். மலையிலும் அடிவாரத்திலும் கரண்ட் இல்லை. ரைஸ் மில்லில் கேட்டார்கள், ஆஸ்பத்திரியில் கேட்டார்கள், மூன்று மணிக்குள் வருமா என்று கோயிலில் கேட்டார்கள். இரைச்சலில் ஒரு குரல் வந்தது. வேடியப்பன் குரல் போல இருந்தது. அப்படித்தான் எனக்கு ஞாபகம். ஆபீஸ் போனுக்குக்கூட அவர் பேசியிருக்கலாம், வேறு யாருடைய போனிலிருந்தாவது.

விசாரணை ஆகஸ்டு 20ஆம் தேதி. அதுவரை எதுவும் எழுதக்கூடாது, பேசக்கூடாது என்று மேலே சொல்லியிருக்கிறார்கள். என் பெரிய மகள் ஜெப்சிக்கு இந்த வருஷம்தான் நர்சிங் சீட்டு கிடைத்திருக்கிறது. ஏன் இதை எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

எனக்கும் எதுவும் உறைக்கவில்லை. ஜூடி ஊறுகாய் வைக்கிறாள், உப்பா புளிப்பா என்று நாக்குக்குத் தெரிவதில்லை.

மரிய அருண்


30.6.2024

அருண் சாருக்கு,

நீங்க எழுதனதுல ஒரு வார்த்த எனக்கு ஒறுத்திக்கிட்டே இருந்துச்சு. மில்லு, ஆஸ்பத்திரி ரெண்டும் கேட்டாங்கன்னு மட்டும் எழுதனீங்க. கோயிலுக்கு மட்டும் மூணு மணின்னு நேரம் போட்டிருந்தீங்க.

அதனால போன ஞாயித்துக்கெழம பஸ் ஏறி கீழ வந்தேன். உங்க கோயிலுக்குத்தான். பூசை முடிஞ்சு எல்லாரும் போற வரைக்கும் வேப்பமரத்தடியில நின்னேன். உங்க உபதேசியார் ஜேம்ஸ் வந்து, யாரும்மா, இன்னா வேணும்னு கேட்டாரு. நான் யாருன்னு சொல்லல. பெரிய வெள்ளிக்கெழம இங்க கரண்ட் வந்துச்சாங்கன்னு மட்டும் கேட்டேன். அவரு நல்ல மனுஷன். டீ வாங்கிக் குடுத்தாரு. மூணு மணிக்கு இயேசுவோட பாடுகள் வாசிக்கணும், சாமியாருக்கு தொண்ட கட்டிப் போச்சு, ஜெனரேட்டரும் இல்ல, நாலு தரம் போன் பண்ணேன், நம்ம அருண் தம்பி பாவம் நமக்காக போட்டாரு, ஆனா நிக்கல, லைட்டு ஒரு தரம் எரிஞ்சு அணைஞ்சு போச்சுன்னாரு.

லைட்டு ஒரு தரம் எரிஞ்சு அணைஞ்சுது. அந்த ஒரு தரந்தான் சார் என் வூட்டுக்காரரு.

அவருக்கு தெரியாது, சிரிச்சிக்கிட்டே சொன்னாரு. நானும் டீய குடிச்சு முடிச்சேன்.

உங்கள பத்தி அவரு வூட்ல அடிக்கடி பேசுவாரு. சுவிச்சு போர்டுக்கு மேல இயேசு படம் ஒட்டியிருக்கீங்க, போடறதுக்கு முன்னாடி நெத்தியில சிலுவ போட்டுக்குவீங்கன்னு சொல்வாரு. ஒரு நாளு உங்ககிட்டயே சொன்னாராமே, "உங்க சாமிய கேட்டுட்டு போடறீங்க சரி, என்னயும் ஒரு வார்த்த கேட்டுட்டு போடுங்க சார்"னு. நீங்க ரொம்ப நேரம் சிரிச்சீங்களாம். வூட்டுக்கு வந்து அத சொல்லி அவரும் சிரிச்சாரு.

இதுக்கு நீங்க பதில் எழுதணும்னு இல்ல.

ரேணுகாதேவி


கலசப்பாக்கம்
21.7.2024

ரேணுகா,

கடிதம் எழுதற மாதிரி எழுத வரல. பேசற மாதிரியே எழுதறேன்.

அவர் கூப்பிடல. யாரும் கூப்பிடல. எந்தக் குரலும் கேக்கல. போன தடவ எழுதனது பொய்.

1.12க்கு லைன் குடுத்தேன். ஒரு மணி நேரத்துல முடிச்சிடுவேன்னாரு. 2.15 ஆச்சு, கூப்பிடல. நான் போட்டுப் பாத்தேன், தொடர்பு எல்லைக்கு வெளியேன்னு வந்துச்சு. உபதேசியார் நாலாவது தடவ பேசறப்போ 2.45. "தம்பி, ஆண்டவர் சிலுவையில தொங்கற நேரம், நம்மால ஒரு மைக்கு குடுக்க முடியலையே"ன்னாரு. இந்த வருஷம் பாடுகள்ல ஒரு பாகம் வாசிக்க என் பேரத்தான் போட்டிருந்தாங்க. டூட்டின்னு போக முடியல. வேலை பாத்துக்கிட்டே ஆண்டவருக்கு இதயாவது செய்வோம்னு தோணுச்சு. நெசமாவே அப்படித்தான் தோணுச்சு. வேடியப்பன் வேகமான ஆளு, இந்நேரம் இறங்கியிருப்பாரு, பாறைக்கு நடந்து வந்துக்கிட்டு இருப்பாருன்னு கணக்குப் போட்டேன். சிலுவ போட்டேன். சுவிட்ச்ச போட்டேன். உடனே ட்ரிப் ஆகி லைன் அதுவா நின்னு போச்சு. அந்த சத்தத்துலயே எனக்குத் தெரிஞ்சு போச்சு.

அப்புறம் மோகன் சொன்னான். வேலை முடிஞ்சு, பாதுகாப்புக்கு மாட்டின எர்த் ராடையும் கழட்டிட்டு, ஒரு கையில கம்பியப் புடிச்சிக்கிட்டே அவர் கீழ இறங்கத் திரும்புனாராம். இன்னும் ரெண்டு நிமிஷம்.

மேலதிகாரி சாயங்காலம் வந்தாரு. புக்கப் பாத்துட்டு, இந்த இடம் காலியா இருக்குதேன்னாரு. அவ்வளவுதான் சொன்னாரு. நான் 2.50ன்னு எழுதினேன்.

அன்னிக்கு கோயில்ல மைக் இல்லாமத்தான் வாசிச்சாங்க. கடைசி வரிசையில இருந்தவங்களுக்கும் நல்லா கேட்டுச்சுன்னு ஜூடி வந்து சொன்னா.

போன மாசம் சாமியார்கிட்ட பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டேன். எல்லாத்தயும் சொன்னேன். அவர் பாவமன்னிப்பு குடுத்துட்டாரு. நீங்களும் மன்னிச்சிட்டீங்கன்னா நான் உயிரோட இருந்துடுவேன். விசாரணையில சொல்ல மட்டும் என்னால முடியாது. வேலை போகும், கேஸ் வரும், ஜெப்சி படிப்பு நிக்கும். உங்க குடும்பத்துக்கு காலம் பூரா என்னால முடிஞ்சத செய்யறேன். இந்த லெட்டர நீங்க யாருகிட்ட வேணும்னாலும் காட்டலாம். காட்ட மாட்டீங்கன்னு நம்பறேன்.

அருண்


4.8.2024

அருண் சாருக்கு,

உங்க கடுதாசிய ரெண்டு தரம் படிச்சேன். இன்னாவோ ஆகும்னு நெனச்சேன். ஒண்ணும் ஆகல. ஆட்டுக்கு தழ ஒடிக்க நேரமாச்சுன்னு எந்திரிச்சு போய்ட்டேன்.

மழ வந்துடுச்சு. சாமை மொளச்சிருக்குது.

உங்க சாமியார் மன்னிச்சாரு, சரி. அவரு மன்னிக்கலாம். கம்பத்துலேர்ந்து வுழுந்தவரு அவருக்கு யாரு? எங்கிட்ட மன்னிப்பு கேக்கறீங்க. கோவம் இருந்தாத்தான சார் மன்னிக்க முடியும். எங்கிட்ட இப்ப கோவமே இல்ல. ஒண்ணுமே இல்ல. காலியா கெடக்குது. இல்லாதத எங்கேர்ந்து எடுத்து உங்களுக்கு குடுக்கறது.

உங்க கடுதாசிய நான் யாருக்கும் காட்ட மாட்டேன். அத இதோட உள்ள திருப்பி வச்சிருக்கேன், பாருங்க. உங்களுக்கு பயந்தோ பாவம் பாத்தோ இல்ல. நான் காட்டி அவங்க உங்கள புடிச்சா, அது நான் புடிச்சதா ஆகும். புக்குல பொய் எழுதனது உங்க கை. அத அடிக்க வேண்டியதும் அந்த கைதான்.

காவியா கிளாஸ்ல ஒரு புள்ள, உங்கப்பா லைன குடுத்துட்டு மறந்து போய் திரும்ப ஏறுனாராமேன்னு கேட்டுச்சாம். பதினோரு வருஷம் அவரு ஒரு நாளும் எதயும் மறக்கல. உப்பு வாங்கிட்டு வரச் சொன்னாக்கூட மறக்கல. வேலைய வுடுங்க. வேல கெடைக்காட்டி கெடைக்காம போவுது, சாமை இருக்குது, ஆடு இருக்குது. அவரு மறந்துட்டாருன்னு எழுதி வச்சிருக்கறது மட்டும் எனக்கு ஒத்துக்கல.

ரூமுக்குள்ள சாமியார் காதுல சொன்னத ஆபீசுல வெளிச்சத்துல சொல்லுங்க. 20ஆம் தேதின்னு எழுதியிருந்தீங்க. நான் வர மாட்டேன். வந்து நின்னா எனக்காக சொன்ன மாதிரி ஆகும்.

ரேணுகாதேவி


கலசப்பாக்கம்
21.8.2024

ரேணுகாவுக்கு,

நேற்று சொல்லிவிட்டேன்.

சாமியாரும் அன்றைக்கே அதைத்தான் சொன்னார். மன்னிப்பு கொடுத்துவிட்டு, போய் விசாரணையில் உண்மையைச் சொல் என்றார். அதை உங்களுக்கு எழுதாமல் விட்டிருந்தேன். மன்னிப்பை மட்டும் வாங்கிக்கொண்டு, பாதிக் காது மூடி வந்தவன் நான்.

பெரிய அறை, மூன்று பேர். புக்கை முன்னால் வைத்தார்கள். இது உங்கள் கையெழுத்தா என்றார்கள். ஆமாம் என்றேன். வேடியப்பன் லைன் திருப்பித் தரவில்லை, தராமலே போட்டேன், பிறகு எழுதினேன் என்றேன். ஒருவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, யோசித்துச் சொல்லுங்கள், பிள்ளைகள் இருக்கிறார்கள் என்றார். அவரும் கெட்டவர் இல்லை. நான் அந்த வரியை அடித்து, கீழே "ஆள் இறங்கவில்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். நெஞ்சு லேசாகும் என்று எதிர்பார்த்தேன். ஆகவில்லை. வெளியில் வந்து கரும்புச்சாறு குடித்தேன். தித்திப்பு தெரியவில்லை.

ஜூடி பேசுவதில்லை. சோறு போடுகிறாள், பேசுவதில்லை.

உட்கார்ந்து யோசிக்கிறேன். இருபது வருஷம் கோயிலில் முன்வரிசை. வேலையிலும் பக்தி வேண்டும் என்று போர்டுக்கு மேல் படம் ஒட்டினேன். அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டேதான் போட்டேன். அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்த எனக்கு ஆண்டவர் கொடுத்தது ஒரே ஒரு வேலை. மேலே ஒரு மனுஷன் இருக்கிறான், அவன் இறங்குகிற வரை சும்மா இரு. அதைச் செய்திருந்தால் அதுவே போதும். மைக்கை அவர் கேட்கவே இல்லை.

இனி நான் எழுதித் தொந்தரவு செய்ய மாட்டேன்.

மரிய அருண்


5.4.2026

அருண் சாருக்கு,

நீங்க இப்ப சார் இல்ல. வேற எப்படி கூப்புடறதுன்னு தெரியல. கணியம்பாடியில மோட்டார் காயில் கட்டற கடையில இருக்கீங்கன்னு மோகன் சொன்னான், அட்ரசும் அவன்தான் குடுத்தான். கேஸு வாய்தா வாய்தான்னு இழுக்குதுன்னும் சொன்னான். ஜெப்சி கடனுக்கு படிக்குதாம். படிக்கட்டும்.

ஜனவரியில எனக்கு வேல போட்டுக் குடுத்தாங்க. உதவியாளர். எங்கன்னு கேட்டா சிரிப்பீங்க. நீங்க உக்காந்திருந்த அதே ரூமு. கூட்டறது, ஃபைல் எடுத்து வைக்கறது, போன் எடுக்கறது. மொத நாளு லைன் குடுத்தத எழுதற அந்த புக்க பாத்தேன். பழசு மேல் அலமாரியில இருக்குது. எடுத்து பிரிக்கல. போர்டுக்கு மேல உங்க இயேசு படம் இருக்குது. கிழிச்சுடட்டுமான்னு புது ஆபரேட்டர் கோபால்சாமி கேட்டாரு. இருக்கட்டும்னேன். கும்புடறது இல்ல. ஒட்டட அடிக்கறப்போ அதயும் தொடைக்கறேன்.

முந்தாநேத்து பெரிய வெள்ளிக்கெழம. மலை லைன்ல சடையன்னு ஒருத்தரு ஏறியிருந்தாரு. 1.40க்கு லைன் வாங்குனாரு. கோபால்சாமி சார் யார்டுல டிரான்ஸ்பார்மர் எண்ணெய பாக்க போய்ட்டாரு, நான் தனியா இருந்தேன். 2.35க்கு போன் அடிச்சுது. உங்க உபதேசியாரு. எனக்கு குரல் தெரிஞ்சுது. மூணு மணிக்கு கரண்ட் வருமாம்மான்னாரு.

மேல ஆள் இருக்குதுங்க, ஆள் இறங்கலன்னு சொன்னேன்.

எனக்கு இங்க வேல குடுத்தது ஊருக்கே தெரியும். வேடியப்பன் சம்சாரமாம்மான்னாரு. ஆமாங்கன்னேன். சரிம்மா, இறங்கட்டும், எத்தன மணி ஆனாலும் நல்லபடியா இறங்கட்டும், நாங்க சும்மாவே படிச்சுக்கறோம்னாரு. அப்புறம் ஒருத்தரும் கோயில்லேர்ந்து கூப்புடல.

மூணு ஆச்சு. மூணரை ஆச்சு. கோபால்சாமி சார் வந்துட்டாரு, பேப்பர் படிச்சிக்கிட்டு இருந்தாரு. நான் உக்காரல. புக்க தொறந்து அந்த பேரு மேல கைய வச்சிக்கிட்டு நின்னேன். எதுக்குன்னு தெரியாது. சடையன நான் பாத்ததுகூட இல்ல.

4.05க்கு போன் வந்துச்சு. நான்தான் எடுத்தேன். "ஆள் இறங்கியாச்சு"ன்னாரு. யாருன்னு கேட்டேன். சடையன்னாரு. நீங்கதான் இறங்குனீங்களா, உங்க காலு தரையில இருக்குதான்னு கேட்டேன். அவரு சிரிச்சாரு. தரையிலதாம்மா நிக்கறேன், வெயிலு சுடுதுன்னாரு.

அப்பதான் சார் எனக்கு அழுகை வந்துச்சு. ரெண்டு வருஷமா வராதது. கோபால்சாமி சாரு பயந்து போயி தண்ணி எடுத்துக்கிட்டு வந்தாரு. நிறுத்த முடியல.

நேரத்த புக்குல எழுதணும்னாரு அவரு. நானே எழுதறேன்னு வாங்கி எழுதுனேன். தண்ணி பட்டு எழுத்து கொஞ்சம் கலைஞ்சு போச்சு. நேரம் சரியா இருக்குது.

ரேணுகாதேவி